கணக்கில் எடுக்காத அடிகள்

மர்வ்தஷ்த், ஈரான்
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய சண்முகவேல் அண்ணாச்சிக்கு,

கடையநல்லூர் மைதீன் பிச்சை எழுதிக்கொள்வது. ஆவுடையின் உயிருக்கு ஆபத்தில்லை. இதை முதலில் படித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நேற்று போனில் நீங்கள் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டீர்கள். "என் தங்கச்சி கையை அடிச்சது எவம்லே?" பதில் சொல்லாமல் நான் போனை வைத்துவிட்டேன். ஒளிப்பதற்காக அல்ல. பதிலை ஒரு வரியில் சொன்னால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அதனால் முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.  

நாங்கள் வேலை பார்க்கும் இடத்தை இங்கே தக்தே ஜம்ஷீத் என்பார்கள். வெளியில் பெர்ஸெபோலிஸ் என்று பெயர். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் பாரசீக ராஜாக்கள் விழாக் கொண்டாடுவதற்கென்றே கட்டிய நகரம். மலையடிவாரத்தில் ஒரு பெரிய கல்மேடை, அதன்மேல் அரண்மனைகள். நெருப்பில் அழிந்துபோய் இப்போது தூண்களும் வாசல்களும் படிக்கட்டுகளும்தான் மிச்சம். அந்தப் படிக்கட்டுச் சுவர்களில்தான் எங்களுக்கு வேலை. சுவர் முழுக்க வரிசை வரிசையாக ஆட்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். தேசம் தேசமாக ராஜாவுக்குக் காணிக்கை கொண்டு வருகிறார்கள். ஒட்டகம், செம்மறிக்கடா, பாத்திரம், துணி. ஒவ்வொரு கூட்டத்தின் தலைவனையும் ஒரு அரண்மனை அதிகாரி கையைப் பிடித்து அழைத்துப் போகிறான். ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு சைப்ரஸ் மரம். யார் கழுத்திலும் கயிறு கிடையாது, யாரும் மண்டியிடவில்லை.

முதல் நாள் ஆவுடை அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சீர்வரிசை வருதே, மாப்பிள்ளையை எங்க அண்ணே காணோம்?" என்றாள். இங்கே பொறுப்பதிகாரி மஹ்னாஸ் கானும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். (கானும் என்றால் இங்கே அம்மா, மேடம் என்பது போல.) எங்கள் காதில் மாட்டியிருக்கும் மொழிபெயர்ப்புக் கருவி அவர் பேச்சை மேடைத் தமிழில்தான் தரும். "அந்தம்மா பட்டிமன்றத்துல பேசுத மாதிரியே பேசுதாங்க" என்று ஆவுடை கேலி செய்வாள். இரண்டு பேரும் அப்படித்தான் சிநேகமானார்கள்.

வேலை என்னவென்று அவள் உங்களிடம் சரியாகச் சொல்லியிருக்க மாட்டாள். எங்கள் குழுத் தலைவர் ரகோத்தமன் அவளுக்கு விளக்கியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அதையே எழுதுகிறேன்.

"கல்லுல உளியை வச்சு அடிச்சா என்னம்மா ஆகும்?"

"செதில் தெறிக்கும்."

"அது மேல. அடியில?"

"அடியில என்ன? கல்லுதான்."

"அடியில கல் நொறுங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, எங்க கருவிக்குத் தெரியும். எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வுன்னு பாத்தா, எத்தனை பலமா அடிச்சான், எந்தப் பக்கம் நின்னான், அடுத்த அடிக்கு முன்னால கை ஓய்ஞ்சானா, எல்லாம் வந்துரும். ஒரு உருவத்துல இருக்கற அத்தனை அடியையும் வரிசைப்படுத்தினா அந்த ஆளோட கை அசைவு முழுசாக் கெடைச்சுரும். அதுக்குக் கைத்தடம்னு பேர் வச்சிருக்கோம்."

"சரி. எனக்கு அதுல என்ன சோலி?"

"ரெண்டு கைக்கும் தோள்வரைக்கும் ஒரு உறை மாட்டுவோம். அது அந்தத் தடத்தை உங்க நரம்புக்குச் சொல்லும். உங்க கை அவன் கை மாதிரியே செதுக்கும். உடைஞ்சுபோன சிலைகளுக்குப் பதில் சிலையை அவன் கையாலேயே செஞ்சுரலாம்."

"அதுக்குச் சிற்பியைக் கூப்பிட வேண்டியதுதானே? நான் கோர்ட்டுல சுருக்கெழுத்து எழுதுறவ."

"சிற்பின்னா அவர் பழக்கம் நடுவுல வந்து சண்டை போடும். அடுத்தவங்க சொன்னதை அப்படியே எழுதிப் பழகின கைதான் எங்களுக்கு வேணும்."

இப்படித்தான் தென்காசிக் கோர்ட்டிலிருந்து நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு அவள் வந்தாள். தடத்தை ஓட்டுவது என் வேலை. உறையை மாட்டி, ஓடவிட்டு, முடிந்ததும் கழற்றுவேன்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஓட ஆரம்பித்த தடத்தை நடுவில் நிறுத்தக்கூடாது. ஆரம்பத்தில் ஒரு கோயம்புத்தூர்ப் பையனுக்குப் பாதியில் மின்சாரம் போய்விட்டது. உறையைக் கழற்றிய பிறகும் அவன் கை அடித்துக்கொண்டே இருந்தது, வெறுங்காற்றில். மின்சாரம் வந்ததும் மறுபடி மாட்டி, தடத்தைக் கடைசிவரை ஓட்டின பிறகுதான் அடங்கியது. ஏனென்றால் எந்தச் சிற்பியும் ஒரு உருவத்தை முடித்ததும் மணலை வைத்து உள்ளங்கையால் வழவழவென்று தேய்ப்பான். பிறகு விரல்கள் தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சியில்தான் கை திரும்ப நம்முடையதாகிறது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நடந்தது.

ஆவுடைக்கு நாங்கள் கொடுத்தது ஒரே சிற்பியின் தடங்கள். பெயர் தெரியாது. அடிக்கிற விதத்தை வைத்து, இன்னின்ன உருவங்கள் ஒரே ஆள் செய்தவை என்று கருவி பிரித்துக் கொடுத்துவிடும். இந்தப் பக்கத்து மலையிலிருந்தே அதே சாம்பல்நிறக் கல்லை வெட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்துவோம். தாடிச்சுருள், காதுவளையம், மடிப்பு மடிப்பான அங்கி எல்லாம் அவள் கையில் வந்தன. மஹ்னாஸ் கானும் பக்கத்தில் நின்று கண்கலங்கிப் பார்ப்பார்.

"இவன் எப்படிப்பட்ட ஆளு தாயி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேசாத ஆளு அண்ணே. அவசரமே கெடையாது. ஆனா மனசு வேலையில இல்ல. எங்க வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் இருபது வருஷமா ஒரே நாற்காலியில இருக்காரே, அந்த மாதிரி."

நானும் சிரித்தேன். அதற்குமேல் அதை யோசிக்கவில்லை.

அந்தச் சிற்பி செய்தவற்றில் ஒன்று மட்டும் பாதியில் நிற்கிறது. ஒரு மூலையில், அதிகாரி கையைப் பிடித்து அழைத்துப் போகிற காணிக்கைக்காரன் உருவம். அதிகாரி முழுசாக இருக்கிறான். காணிக்கைக்காரனுக்கு உடம்பு, அங்கி, பிடித்த கை எல்லாம் இருக்கின்றன. முகம் இல்லை, வெளிக்கோடு மட்டும்தான். அதை முடித்துக் காட்டவேண்டும் என்று ரகோத்தமனுக்கு ஆசை வந்தது. முகத்துக்கான தடம் கல்லில் கிடையாது. ஆனால் அதே சிற்பி செதுக்கிய மற்ற முகங்களிலிருந்து மீதி அடிகளைக் கணித்து ஒட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

"முடிக்காமல் விடப்பட்ட ஒன்றை நாம் ஏன் முடிக்க வேண்டும்?" என்று மஹ்னாஸ் கானும் கேட்டார்.

"முடிக்கணும்னுதானே மேடம் ஆரம்பிச்சிருப்பான்? சாவு வந்திருக்கும், சண்டை வந்திருக்கும். பாவம், ஆசையோட போயிருப்பான்."

ஆவுடையும் அவர் பக்கம்தான். "முகம் ஒண்ணுதானே பாக்கி வச்சிருக்கான். முடிச்சுக் குடுத்திருவோம் அண்ணே. எனக்கே அரைகுறையா விட்டா தூக்கம் வராது."

அண்ணாச்சி, இதில் யார் பேச்சும் தப்பாக எனக்கு அன்றைக்குப் படவில்லை. எடுத்த வேலையை முடிக்கவேண்டும் என்று சொல்லிச்சொல்லியே நம்மையெல்லாம் வளர்த்தார்கள். எல்லோருக்கும் மனசு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

புதுக்கல் ஒன்றில் தடம் ஓடியது. கடைசி நிஜ அடிவரை ஒரு குறையும் இல்லை. அதற்கு அடுத்த அடி, நாங்கள் கணித்து ஒட்டியது. அதற்கு உறை உத்தரவு கொடுத்தது. கை கேட்கவில்லை. இடது கை உளியை நழுவவிட்டது. வலது கை சுத்தியலை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றது.

"என்ன தாயி?"

"தெரியல அண்ணே. யோசிக்கான்."

உறையைக் கழற்றினோம். இடது கை அவளுடையதாகத்தான் தெரிந்தது, நீட்டினாள், மடக்கினாள். வலது கை விடவில்லை. விரல்களைப் பிரிக்க மூன்று பேர் முயன்றோம். கடைசியில் சுத்தியலின் இரும்புத் தலையை மட்டும் கழற்றி எடுத்தோம். மரப்பிடி அவள் கைக்குள்ளேயே இருந்தது.

ஷீராஸ் ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். நரம்பில் குறையில்லை, தசையில் குறையில்லை என்றார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள். கை மரத்துப்போனது, கிள்ளினால் தெரியவில்லை. ஆனால் பிடி தளரவில்லை. அதைப் பார்த்த டாக்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

அந்த நாட்களில் அவள் உங்களிடம் போனில் பேசியதெல்லாம் நடிப்பு. மரப்பிடியோடுதான் தூங்கினாள். தலை பின்னிவிட மஹ்னாஸ் கானும் வருவார். சாப்பாட்டை இடது கையால் எடுக்கும்போது, "எங்க அண்ணன் பாத்தான்னா இலையை விட்டு எந்திரிச்சுப் போயிருவான்" என்று சிரிப்பாள். ஒருநாள் சிரிக்கவில்லை. "இந்தக் கை போச்சுன்னா நான் யாரு அண்ணே? கோர்ட்டுல என்னை வச்சுக்கிடுவாங்களா? எங்க அண்ணன் தலையில போய் விழணுமா?" என்று கேட்டாள்.

டாக்டர்கள் ஒரே வழி சொன்னார்கள். நரம்பை வெட்டிவிட்டால் பிடி விட்டுவிடும். ஆனால் அதன்பிறகு கை வெறும் தொங்கலாகத்தான் கிடக்கும். அதற்குக் கையெழுத்துப் போடும் முன்னால், அவளே இன்னொரு யோசனையைச் சொன்னாள்.

"பாதியில நிக்குறதாலதானே விட மாட்டேங்கான்? அந்தக் கோயம்புத்தூர்ப் பையனுக்கு முடிச்சதும் சரியாப் போச்சுல்லா? உறை வேண்டாம், கணக்கு வேண்டாம். சுத்தியலுக்குத் தலையை மாட்டிக் குடுங்க. அந்தக் கல்லுக்கு முன்னால என்னை நிறுத்துங்க. அவன் இஷ்டத்துக்கு முடிச்சிட்டுப் போகட்டும்."

கேட்டவுடனே எங்கள் எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. ரகோத்தமனுக்குப் பட்டது. டாக்டர், போகிற கைதானே, முயன்று பாருங்கள் என்றார். 

திங்கட்கிழமை காலை அவளைக் கல் முன்னால் நிறுத்தினோம், அவள் பாதிவரை செதுக்கியிருந்த அதே கல். சுத்தியல் தலையை மரப்பிடியில் நானேதான் மாட்டினேன். மாட்டியதுமே முழங்கை அசைந்தது. அத்தனை நாள் கட்டைபோலக் கிடந்த கை.

"வருது அண்ணே! வருது!" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இடது கையில் உளியை எடுத்து முகம் வரவேண்டிய இடத்தில் வைத்தாள்.

வலது கை உயர்ந்தது. அதே சமயம் இடது கை உளியைக் கீழே போட்டது. உள்ளங்கை விரிந்து, கல்லின் வெறும் பரப்பில் படிந்துகொண்டது. அவளாகப் போடவில்லை என்கிறாள். இடது கையிலும் அவன் இருந்திருக்கிறான், பேசாமல்.

சுத்தியல் அந்தக் கைமேல் இறங்கியது.

முதல் அடியில் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை, தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டாவது அடியில் மஹ்னாஸ் கானும் அவர்கள் பாஷையில் என்னமோ கத்தினார். காதுக்கருவி அதை மொழிபெயர்க்கவில்லை. நான் பாய்ந்து அவள் தோளைக் கட்டிப் பிடித்தேன். நான் எழுபத்தெட்டு கிலோ அண்ணாச்சி. என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மூன்றாவது அடி விழுந்தது. அப்போது அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் இதற்கு முன்னால் எந்த மனுஷரிடமும் கேட்டதில்லை.

பிறகு வலது கை திறந்தது. சுத்தியல் கீழே விழுந்தது. அத்தனை நாளாக மூன்று பேரால் பிரிக்க முடியாத விரல்கள், பூ விரிகிற மாதிரி அவ்வளவு லேசாகத் திறந்தன. அந்தக் கையாலேயே அவள் இடது கையை ஏந்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் தப்பியது. வலது கைக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அடித்தது அவள் கை. ஆனால் பதில் இதோடு முடியவில்லை.

அன்று மத்தியானம் நானும் மஹ்னாஸ் கானும் அசல் சுவருக்குப் போனோம். அந்த முகமில்லாத உருவத்தைக் கருவியில் மறுபடி படித்தோம். எங்கள் கருவியில் ஒரு வடிகட்டி உண்டு. உளி அடி என்றால் கூர்மையாக இருக்கும். அப்படி இல்லாத, மழுங்கலான அதிர்ச்சிகளை அது தள்ளிவிடும். கல் எங்காவது இடித்திருக்கும், மேலேயிருந்து ஏதாவது விழுந்திருக்கும், அதெல்லாம் சிற்பியின் வேலையில்லை என்று நாங்கள்தான் அப்படி வைத்திருந்தோம். சுத்தமான தடம் வேண்டுமே. அந்த வடிகட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தேன்.

முகத்துக்குப் பக்கத்தில், வெறும் பரப்பில், மூன்று அடி. சுத்தியல் அடிதான், உளி இல்லாமல் விழுந்தது. மழுங்கலாக, பரவலாக.

"கல்லுக்கும் சுத்தியலுக்கும் நடுவில் மெத்தென்று ஏதோ இருந்திருக்கிறது" என்றார் மஹ்னாஸ் கானும். சொல்லிவிட்டுத் தன் வாயையே பொத்திக்கொண்டார்.

அவன் பாதியில் நிறுத்தவில்லை அண்ணாச்சி. அவன் முடித்துவிட்டான். முடித்ததை நாங்கள்தான் குப்பையென்று தள்ளி, தடத்தைப் பாதியில் நிறுத்தினோம். அவனுக்குப் பாக்கியாக நின்றது முகம் அல்ல, அந்த மூன்று அடிகள்.

"ஏன் கானும்?" என்று கேட்டேன்.

"அந்த வரிசையில் வருகிறவர்கள் அவன் ஊர்க்காரர்களாக இருக்கலாம். கூட்டிக்கொண்டு வரப்பட்ட சிற்பிகள் பல தேசத்தார். தன் ஊர்க்காரன் முகத்தை இங்கே செதுக்க அவனால் முடியாமல் போயிருக்கலாம். கை போனவனை வைத்து என்ன செய்வார்கள்? அனுப்பிவிடுவார்கள். இது என் ஊகம்தான்." பிறகு, "மற்றச் சுவர்களையும் பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். சாயங்காலம்வரை பார்த்தோம். அந்த ஒரு படிக்கட்டில் மட்டும் இன்னும் பதினோரு இடங்களில் அதே மழுங்கல் அடி. அங்கெல்லாம் உருவம் முடிந்திருக்கிறது. ஆனால் அந்த அடிக்குப் பிறகு செதுக்கியது வேறு கை.

மஹ்னாஸ் கானும் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நான் இந்தச் சுவர் முன்னால் நிறுத்துவேன். நன்றாகப் பாருங்கள், யாருடைய கையும் கட்டப்படவில்லை என்று சொல்லுவேன். என் அம்மா எனக்கு அப்படித்தான் காட்டினார்" என்றார். காதுக்கருவி அதையும் பட்டிமன்றக் குரலில்தான் சொன்னது. கேட்கச் சகிக்காமல் கழற்றிப் பையில் போட்டேன்.

ரகோத்தமன் நேற்று வந்து கேட்டது ஒன்றுதான்: "அந்த மூணு அடியையும் சேத்துட்டா தடம் முழுசாயிடும் இல்லையா மைதீன்?" நான் கருவியைப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம் இருக்கிறது. எங்கள் வண்டியை இனி உள்ளே விடவேண்டாம் என்று மஹ்னாஸ் கானும் வாசலில் சொல்லிவிட்டார். எங்கள் நிறுவனத்தின்மேல் நீங்கள் வழக்குப் போட்டால் நான் வந்து சாட்சி சொல்லுவேன். ஷீராஸ் விமான நிலையத்தில் உங்களுக்காக நிற்பேன்.

இன்னும் ஒன்று பாக்கி. இதை நான் எழுதாமல் விடப் பார்த்தேன். அவள்தான், "அண்ணன்கிட்ட அதையும் எழுதிருங்க, நேர்ல என்னால சொல்ல முடியாது" என்றாள்.

நேற்று ஆஸ்பத்திரியில், "வலி எப்படியிருக்கு தாயி?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் அண்ணே வலி. அவனுக்கு வலிக்கல."

"அதையெல்லாம் இப்ப நெனைக்காத."

"இல்ல, கேளுங்க. இத்தனை மாசம் அவன் என் கையில இருந்தான். எத்தனை பூ, எத்தனை முடிச்சுருள், எத்தனை முகம் செதுக்குனான்! ஒரு தடவைகூட அவன் சந்தோஷப்பட்டு நான் பாத்ததில்ல." கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் அதைத் தடவிக்கொடுத்தாள். "மூணாவது அடி விழுந்தப்போ நான் கத்துனேன்னு நீங்க எல்லாரும் நெனைச்சுக்கிட்டு இருக்கீங்க. நான் கத்தல அண்ணே."

"பின்னே?"

"அது சிரிப்பு."

மைதீன் பிச்சை